கடல் மலிவு, கரைதான் செலவு

மெரினா மணலில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் தூரத்தில் நாலைந்து கப்பல்கள் அசையாமல் நிற்பது தெரியும். இருட்டிவிட்டால் அவற்றின் விளக்குகள் மட்டும். ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் சுண்டல் பொட்டலத்தைக் காலி செய்துகொண்டே கேட்டாள்: "மாமா, அந்தக் கப்பல்லாம் ரிப்பேரா? போன வாரம் வந்தப்பவும் அங்கேயேதானே நின்னுச்சு?"

ரிப்பேர் இல்லை, துறைமுகத்துக்குள் நிறுத்த இடம் கிடைக்கும்வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்கின்றன என்றேன். அந்த இடத்துக்குப் பெயர் பெர்த். அவள் விடவில்லை. "இவ்ளோ நேரம் நிக்கிறதுக்கு லாரியிலயே அனுப்பிடலாம்ல?"

நல்ல கேள்விதான். நாடு விட்டு நாடு போகும் சரக்கில், அளவை வைத்துப் பார்த்தால், நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகிற, போய்ச் சேர்ந்த பிறகும் வாசலில் காத்துக் கிடக்கிற ஒரு வண்டியை உலகமே ஏன் நம்பியிருக்கிறது? அன்றைக்கு மணலில் கோடு போட்டு அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டபராவில் ஒரு பாடம்

ஒரு வாளித் தண்ணீரில் இரும்பு நட்டு ஒன்றைப் போடுங்கள். நேராக அடிக்குப் போய்விடும். காபி டபராவை மெதுவாக வையுங்கள். மிதக்கும். நட்டைவிட டபராதான் கனம், ஆனாலும் மிதக்கிறது. காரணம் அதன் வயிறு. உள்ளே வெறும் காற்றை வைத்துக்கொண்டு, வெளியே நிறையத் தண்ணீரை அது ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு பலத்தோடு தண்ணீர் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். டபராவில் ஒரு பிடி அரிசி போட்டால் கொஞ்சம் இறங்கும், இன்னும் தண்ணீரை ஒதுக்கும், மறுபடி நிலைக்கும். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும்வரை இது நடக்கும்.

இப்போது டபராவைப் பெரிதாக்குவோம். 200 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள ஒரு கப்பல். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதைச் செவ்வகப் பெட்டியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 60 கன மீட்டர் தண்ணீரை ஒதுக்கும். கடல் தண்ணீர் ஒரு கன மீட்டர் சுமார் 1,025 கிலோ. ஆக, 61 டன் சரக்கை ஏற்றினால் கப்பல் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. இரண்டு மூன்று பெரிய லாரிகளின் சுமை அது. சாலையில் அத்தனை எடை போனால் தார் பள்ளம் விழும், டயர் வெடிக்கும். இங்கே அரை விரற்கடை.

உண்மையான கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒடுங்கியிருக்கும், கப்பலின் சொந்த எடையும் உண்டு. எல்லாம் போக, இந்த அளவுக் கப்பல் ஒன்று தாராளமாக 40,000 டன் நிலக்கரி கொண்டுவரும். சரக்கு ரயில் ஒன்றில் ஏறக்குறைய 4,000 டன் ஏற்றலாம் என்று வைத்தால் பத்து ரயில். கப்பலில் வேலை செய்பவர்களோ இருபது, இருபத்தைந்து பேர்.

சுமந்தால் மட்டும் போதாது, இழுக்கவும் வேண்டுமே. அதிலும் தண்ணீர் தாராளம் காட்டும், ஒரு நிபந்தனையோடு. அவசரப்படக் கூடாது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் காலை ஊன்றி நிற்கும் அந்தக் கறுப்புத் தண்ணீர், பக்கிங்காம் கால்வாய். 1806-ல் வெட்டத் தொடங்கி, 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, வடக்கே காக்கிநாடா பக்கத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை போன நீர்வழி அது. விறகும் உப்பும் நெல்லும் படகில் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். பல டன் சுமையைச் சில ஆட்களே இழுத்துக்கொண்டு நடக்க முடிவது தண்ணீரின் தயவு. இன்று அந்தக் கால்வாயைப் பார்க்கிற யாருக்கும் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அது வேறு வருத்தம்.

அவசரத்துக்கு வருவோம். கப்பலின் வேகத்தை நாட் என்பார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். நிலக்கரிக் கப்பல் 14 நாட்டில் போனால் மணிக்கு 26 கிலோமீட்டர், காலியான சாலையில் ஷேர் ஆட்டோ அதை முந்திவிடும். வேகத்தைக் கூட்டினால் என்ன? தண்ணீர் எதிர்த்து நிற்கும். இன்ஜினுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்ட, சக்தியை 70 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டும். அதனால்தான் எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் கப்பல் கம்பெனிகள் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. கப்பலுக்கு நிதானம்தான் லாபம்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும், பக்கத்தில் ஏணிப்படி மாதிரிச் சில கோடுகளும் வரைந்திருக்கும். பிளிம்சால் கோடு என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய பழைய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவது வாடிக்கையாக இருந்தது. காப்பீட்டுப் பணம் இருந்ததால் முதலாளிகள் கவலைப்படவில்லை. சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் சண்டை போட்டு, 1876-ல் இந்தக் கோட்டைச் சட்டமாக்க வைத்தார். கோடுகள் ஏன் பல என்றால், நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிட இலேசு, அதில் கப்பல் கூடுதலாக இறங்கும். பருவமும் கடலும் மாறினாலும் வரம்பு மாறும். குளிர்கால வட அட்லாண்டிக்குக்கு இருப்பதிலேயே கீழான கோடு. அங்கே கடல் அவ்வளவு முரடு, குறைவாகத்தான் ஏற்ற வேண்டும்.

கடைசி ஒரு மைல்

ஆக, கடலில் போவது மலிவு. அப்படியானால் செலவு எங்கே? தண்ணீரிலிருந்து தரைக்கு மாற்றுகிற இடத்தில். இதைச் சென்னையைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் ஊர் கிடையாது. ஏனென்றால் இந்த ஊருக்கு இயற்கைத் துறைமுகமே இல்லை. கொச்சி மாதிரி உள்வாங்கிய காயல் இல்லை, மும்பை மாதிரி தீவு மறைத்த குடா இல்லை. நேர்க்கோடாக ஒரு மணற்கரை, அதில் ஓயாமல் உடையும் அலை.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல், ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் ஓடி வந்த கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளித்தான் நங்கூரம் போட்டன. அங்கிருந்து ஆளும் மூட்டையும் மசூலா படகில் மாற வேண்டும். மசூலா படகின் பலகைகளில் ஆணி கிடையாது. தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும், யாராவது தவறி விழுந்தால் தூக்க. அந்தக் கட்டுமரக்காரர்கள்தான் கப்பலுக்கும் கோட்டைக்கும் இடையே கடிதங்களும் கொண்டுபோனார்கள், நனையாமல் தலையில் கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு. ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களில் 'கேட்டமரான்' ஒன்று. இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகுகளுக்கும் நம் கட்டுமரத்துக்கும் உருவத்தில் பெரிய உறவில்லை.

உலகத்தைச் சுற்றி வந்த பெட்டி, கடைசி ஒரு மைலில் கடலில் விழுந்து நாசமாவது சாதாரணமாக நடந்தது. படகுக்காரர்கள் கேட்ட கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அவர்களைக் குறை சொல்லி வெள்ளைக்காரர்கள் எழுதியது நிறைய. அந்த அலையில் துடுப்புப் போட்டவன் எவ்வளவு கேட்டாலும் தகும் என்பது என் கட்சி.

1861-ல் கடலுக்குள் நீண்ட ஒரு பாலம் கட்டினார்கள், பியர் என்று. அது போதவில்லை. பிறகு, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி நடுவில் அமைதியான தண்ணீரை அணைத்து வைத்துக்கொள்வது போல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அதைச் சின்னாபின்னமாக்கியது. மறுபடி கட்டினார்கள். வாய் கிழக்கே திறந்திருந்ததால் அலையும் மணலும் உள்ளே வந்தன. 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் கிழக்கு வாயை மூடிவிட்டு வடகிழக்கில் புதிய வாய் வைத்தார்கள்.

அந்தக் கல் கைகளுக்கு ஒரு பின்விளைவு உண்டு. இந்தக் கரையோரமாக ஆண்டு முழுவதும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே. துறைமுகம் குறுக்கே நின்றதும் மணல் தெற்கில் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானதற்குக் காரணம் அதுதான். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இன்று அங்கே வரிசையாகக் கருங்கல் கொட்டியிருப்பதைப் பார்க்கலாம். நாம் காற்று வாங்குகிற மணலுக்கு வடசென்னை தன் தெருக்களைக் கொடுத்திருக்கிறது.

பெட்டி வந்த கதை

துறைமுகம் கட்டியாகிவிட்டது, கப்பல் கரையை ஒட்டியே நிற்கிறது. ஆனாலும் சரக்கை இறக்க நாள் கணக்காயிற்று. என் பெரியப்பா ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர். கிரேன் வலையில் மூட்டைகள் இறங்க இறங்க நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழிப்பதுதான் வேலை. அரிசி மூட்டை, தோல் கட்டு, இயந்திரப் பெட்டி, பீப்பாய் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஒவ்வொன்றையும் மனிதன் தூக்கி, அடுக்கி, எண்ண வேண்டும். மழை வந்தால் நிறுத்த வேண்டும். கப்பல் சம்பாதிப்பது ஓடும்போது மட்டும்தான். கரையில் நின்றால் செலவு.

இதற்கு வழி கண்டவர் கப்பல்காரர் இல்லை, லாரிக்காரர். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர். சரக்கை இறக்கி ஏற்றுவதற்குப் பதில், லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று கேட்டார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆகிய இடத்தில், இந்தக் கப்பலில் 16 சென்ட்டில் முடிந்தது.

பெட்டியின் சிறப்பு அதன் எட்டு மூலைகளில் இருக்கிறது. எந்த நாட்டில் செய்த பெட்டியானாலும் மூலையில் ஒரே அளவு ஓட்டை. கிரேனின் பிடி அதில் நுழைந்து திருகிப் பூட்டிக்கொள்ளும். லாரியும் ரயில் வேகனும் கப்பலும் அதே மூலையைத்தான் பிடிக்கும். உள்ளே செருப்பா, டி.வி.யா என்று கிரேன் ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. 20 அடி நீளப் பெட்டி ஒன்றுதான் கணக்கின் அலகு. 40 அடிப் பெட்டியை இரண்டாக எண்ணுவார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலக வணிகத்தைத் திணறடித்த 'எவர் கிவன்', இப்படி 20,000 பெட்டிகளுக்கு மேல் ஏற்றக்கூடிய, 400 மீட்டர் நீளக் கப்பல்.

அத்தனை பெரிய கப்பல்கள் எல்லா ஊருக்கும் வந்து போகாது. சென்னையில் ஏறும் பெட்டிகளில் பல, சிறிய கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். சிறியதை ஃபீடர் என்றும் பெரியதை மதர் வெசல் என்றும் சொல்வார்கள். தெருமுனையிலிருந்து ஷேர் ஆட்டோவில் கோயம்பேடு போய் பஸ் பிடித்த கதைதான்.

கன்டெய்னருக்கென்றே தனி முனையம் இந்தியாவில் முதலில் அமைந்தது சென்னைத் துறைமுகத்தில், 1983-ல். இன்று ஒரு பெட்டியைக் கிரேன் இறக்க இரண்டு மூன்று நிமிடம். டாலி கிளார்க்கின் பென்சிலுக்கு வேலை இல்லை, பெட்டி எண்ணைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. தொல்லை தீர்ந்ததா என்றால், இடம் மாறியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் டிரெய்லர்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஷாங்காயிலிருந்து வங்கக் கடல் தாண்டி வந்த பெட்டி, மணலியில் இருக்கும் கிடங்குக்குப் போகும் கொஞ்ச தூரத்தில் சிக்கிக்கொள்ளும். மசூலா காலத்தின் கடைசி ஒரு மைல், இப்போது தார்ச் சாலையில் இருக்கிறது.

பெட்டியில் அடங்காதவையும் உண்டு. கச்சா எண்ணெய் டேங்கர் கப்பலில் வந்து, துறைமுகத்தின் பாரதி டாக்கில் குழாயில் ஏறி, மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கப்பல் வயிற்றில் அப்படியே கொட்டுவார்கள். இதன் தூசியால் ராயபுரத்துப் பக்கம் கொடியில் காய்ந்த வேட்டி கறுத்துக்கொண்டிருந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு சென்னைத் துறைமுகத்தில் அந்தச் சரக்கு நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்யும் கார்களுக்கோ கிரேனே தேவையில்லை. கப்பலின் பின்பக்கச் சுவர் சாய்தளமாக இறங்கும். டிரைவர்கள் ஒவ்வொரு காராக ஓட்டிக்கொண்டுபோய் மாடி மாடியாக நிறுத்திக் கட்டிவிட்டு, ஒரே வேனில் திரும்பி வருவார்கள். மிதக்கும் கார் பார்க்கிங்.

ஆள் ஏறிய கப்பல்கள்

மனிதர்களைப் பொறுத்தவரை கப்பலின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. விமானம் வந்தது, அவ்வளவுதான். நிலக்கரிக்கு அவசரமில்லை, நமக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் தாத்தா தலைமுறைக்கு வெளிநாடு என்றாலே கப்பல்தான். 'ரஜூலா' என்ற கப்பல் 1926-ல் கட்டியது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றி, 1973 வரை உழைத்தது. பெரும்பாலானவர்கள் டெக் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அவர்களுக்கு வீடு. ரங்கூனிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்தவர்கள் இறங்கியதும் இந்தத் துறைமுகத்தில்தான். துறைமுகத்துக்கு எதிரே நீளும் பர்மா பஜாருக்குப் பெயர் வந்தது அவர்களால்.

எழும்பூரில் ஒரே டிக்கெட்டில் இலங்கை போகலாம் என்றிருந்ததும் இதே வகை. போட் மெயில் ரயில் தனுஷ்கோடியில் விட, அங்கே காத்திருக்கும் கப்பல் தலைமன்னாரில் சேர்க்க, அங்கிருந்து மறுபடி ரயில். 1914-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டை 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து முடித்துவைத்தது.

இன்றும் சென்னையிலிருந்து ஆள் ஏறும் கப்பல் உண்டு, அந்தமானுக்கு. மூன்று நாள் ஆகும். வங்கக் கடல் மூடில் இல்லாவிட்டால் அதற்கு மேலும். விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான் என்றாலும், வீட்டுச் சாமான்களோடு போகிறவர்களும் கைக்காசு குறைந்தவர்களும் கப்பலைத்தான் பார்க்கிறார்கள். போகும்போது எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், வாந்திக்கு.

காலிக் கப்பலின் கனம்

இன்னும் ஒன்று. சரக்கு இறக்கிய கப்பல் காலியாகத் திரும்ப முடியாது. காலி டபராவை விரலால் தட்டினால் ஆடுவதைப் போலக் கப்பலும் ஆடும். பின்பக்கச் சுழல்விசிறி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அதனால் அடித் தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொள்வார்கள். சுமைநீர் என்று சொல்லலாம். கப்பல்காரர்கள் பாலாஸ்ட் என்பார்கள். அடுத்த ஊரில் சரக்கு ஏறும்போது அதை வெளியே விடுவார்கள். தண்ணீரோடு சேர்ந்து அந்த ஊருக்குப் பழக்கமில்லாத உயிர்களும் இறங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் ஒரு சிப்பி சேற்றையே மூடிக்கொண்டு பரவியிருக்கிறது. தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்தது அது. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இறால் பிடித்த இடங்களில் இப்போது அதுதான். இப்படிப்பட்ட தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. சிப்பிக்கு அது தெரியாது, முந்திக்கொண்டது.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சுண்டல் தீர்ந்து, பஜ்ஜிக் கடைக்குப் போய்த் திரும்பியும் வந்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் அப்பாவின் பைனாகுலரோடு வந்தாள். கப்பலின் கீழ்ப்பகுதிக்குச் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள், தண்ணீருக்கடியில் சிப்பி ஒட்டாமல் இருக்க. சரக்கு நிறைந்திருந்தால் அந்தச் சிவப்பு தண்ணீருக்குள் மறைந்திருக்கும் என்று சொல்லியிருந்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "மாமா, மூணாவது கப்பல்ல நல்லா சிவப்பு தெரியுது. அது காலி. ஏத்திக்கிட்டுப் போக வந்திருக்கு." பிறகு பைனாகுலரை இறக்காமலே, "அதோட தண்ணிய எங்க விடப்போறாங்க?" என்றாள்.